உட்காரும் வரிசை நோட்டு

கொரோனா காலத்தில் பள்ளியைத் திறந்தபோது, பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நேர அட்டவணை போடுகிறவர் நீங்கள்தானே, இதையும் போட்டுவிடுங்கள் என்றார்கள். டென்மார்க்கில் 2020 ஏப்ரலிலேயே சின்னப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக வரவழைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் அந்த ஜூனில் குழுவுக்கு 15 பேர் என்று வரம்பு வைத்து, அதற்குக் குமிழி என்று பெயரும் வைத்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, வகுப்பை இரண்டாக வெட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பட்டியல் ஒரே நாளில் குப்பைக்குப் போனது. ஒரே வேனில் வருகிறவர்கள் நான்கு குழுக்களில் சிதறிக் கிடந்தார்கள். வகுப்பில் தள்ளி உட்காரவைத்து, வேனில் ஒட்டி உட்கார்ந்து வந்தால் என்ன பிரயோஜனம்? அதனால் யார் எதில் வருகிறார்கள், யாருக்கு யார் அண்ணன் தங்கை என்பதை முதலில் எழுதினேன். குழுவெல்லாம் அப்புறம்தான். இடைவேளை, சாப்பாடு, வீட்டுக்கு விடும் நேரம் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகத் தள்ளிவைத்தோம். கழிப்பறையை மட்டும் கடைசிவரை பிரிக்க முடியவில்லை. கணக்கு ஆசிரியர் ஒருவரே எல்லாக் குழுவுக்கும் போனார். பிள்ளைகளைப் பிரித்துவிட்டு, நடுவில் பாலமாக நாங்களே நடந்துகொண்டிருந்தோம்.

உண்மையில் கைகொடுத்தது ஒரு நோட்டுதான். எந்த நாள், எந்த பெஞ்சில் யார் என்று தினமும் எழுதுவது. மாணவன் ஒருவனுக்குச் செவ்வாய் மாலை காய்ச்சல். பரிசோதனையில் தொற்று உறுதியானது. அறிகுறி தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்தே பரவலாம் என்பதால் ஞாயிறிலிருந்து பார்க்க வேண்டும். ஞாயிறு விடுமுறை, ஆக திங்கள், செவ்வாய் இரண்டு பக்கங்கள் போதும். நோட்டு இல்லாவிட்டால் பாதிப் பள்ளியை அனுப்பியிருப்போம். அவன் குழுவும் கணக்கு ஆசிரியரும் மட்டும் வீட்டில் இருந்தார்கள்.

நாள் எண்ணுவதில் நான் சறுக்கினேன். அப்போது தனிமை 14 நாள். பின்னாளில் பல நாடுகள் 10 ஆகக் குறைத்தன. கடைசியாகச் சேர்ந்திருந்த செவ்வாயை முதல் நாளாக எண்ணிச் சீட்டு அனுப்பிவிட்டேன். மறுநாளிலிருந்துதான் எண்ண வேண்டும். எல்லா வீட்டுக்கும் திரும்பப் போன் செய்து, ஒரு நாள் கூட்டிச் சொல்லும்போது குரலே எழும்பவில்லை.

பெற்றோர் கேட்டது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். டெஸ்ட் நெகட்டிவ், நாளைக்கு அனுப்பட்டுமா? கிருமி உள்ளே போய் வெளியே தெரிய 14 நாள்வரைகூட ஆகலாம், இன்றைய முடிவு இன்றைக்குத்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆனது. அடுத்தது, பெரியவளும் வீட்டில் இருக்கணுமா? சின்னவளுக்கு அறிகுறி வராதவரை வேண்டாம். இதை ஒருவரும் நம்பவில்லை. பலர் பெரியவளையும் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

யாருக்குத் தொற்று என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்குமா? திரும்பி வந்த அன்று அவன் என்னிடம், “சார், என்னாலதானே எல்லாரும் வீட்ல இருந்தாங்க?” என்றான். காய்ச்சலை மறைக்காமல் சொன்னாயே, அதனால்தான் பக்கத்துக் குழு வீட்டுக்குப் போகவில்லை என்றேன். தலையாட்டினான், நம்பியதாகத் தெரியவில்லை. அன்றைய பக்கத்தில் அவன் பெயரைப் பழைய பெஞ்சிலேயே எழுதினேன்.