ஐந்தாவது ஸ்கோர்

ஆகஸ்ட் 3, வியாழன்

பட்டியல் வந்துவிட்டது. ஆறு பெயர்களில் கடைசிப் பெயர் என் மகள் பாப்பாவுடையது. பள்ளியின் முதன்மை கோல்ஃப் அணி! மாடிப்படியில் அவள் இறங்கி வந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அம்மா சாமி விளக்கை இரண்டாம் முறை ஏற்றினாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

2021-இல் இதே தேதி இரவில்தான் எல்லாம் தொடங்கியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃபின் கடைசிச் சுற்று. அங்கே சனிக்கிழமை காலை, எங்களுக்கு வெள்ளி இரவு. உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்த இந்திய வீராங்கனை அதிதி அசோக் கடைசிக் குழி வரை பதக்கத்துக்குப் போராடி, ஒரே ஓர் அடியில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். பாப்பா அப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்தாள். அதிதியைவிட, கேடியாக, அதாவது அவருடைய பையைச் சுமக்கும் துணையாளாக, கூடவே நடந்த அம்மாவைத்தான் அவள் அதிகம் பார்த்தாள். "அம்மாவே கேடியா?" என்று மூன்று தடவை கேட்டாள். மறுநாள் காலை, "இதை எங்கே கற்றுக்கொடுப்பார்கள்?" என்றாள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளினில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வியை யாரிடம் கேட்டாலும் பதில் கிடைக்கும். கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் பிறந்து வளர்ந்த கொலம்பஸ் பக்கத்து ஊர். அவர் கட்டிய மியூர்ஃபீல்ட் வில்லேஜ் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். 1976-இலிருந்து ஆண்டுதோறும் மெமோரியல் போட்டி அங்கேதான் நடக்கிறது. அந்த வாரம் தெருவில் கார் நிறுத்த இடம் இருக்காது. எனக்கோ சென்னையில் படித்த காலத்தில் நந்தனம் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மதில் மட்டுமே தெரியும். அதற்குள் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். எட்டிப் பார்க்கத் தோன்றியதில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

52. ஒன்பது குழிகளுக்கு அடித்த அடிகள், குறையக் குறைய நல்லது. அணிக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

வேலை நீக்கக் கடிதம் வந்துவிட்டது. இன்றே கடைசி நாள். இன்னொரு நிறுவனம் என் விசாவுக்கு மனு போட அறுபது நாள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மாலை நான்கு மணி ஆட்டத்துக்குப் போனேன். வார நாளில் போவது இதுதான் முதல் முறை. போனதும் பயிற்சியாளர் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னார்: வண்டிப் பாதையை விட்டு இறங்கக் கூடாது, எந்த மட்டையை எடுக்க வேண்டும் என்று சைகைகூடக் காட்டக் கூடாது, தேடும்போது உதவலாம். பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் ஓர் அடி தண்டனையோடு, அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். அவள் பந்து ஒருமுறை புல்லுக்குள் போனது. நாங்கள் நான்கு பெரியவர்கள் குனிந்து தேடினோம். அவளே கண்டுபிடித்தாள்.

நடக்கும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வேறு யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோளில் பை, முழங்கால் வரை புல் ஒட்டியிருக்கிறது. எதிரணிப் பெண்ணின் ஸ்கோரை இவள் எழுத வேண்டும், இவளுடையதை அந்தப் பெண் எழுதுவாள். ஒவ்வொரு குழி முடிந்ததும் இருவரும் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். "ஏழு" என்று சொல்லும்போதும் "நான்கு" என்று சொல்லும்போதும் அவள் குரல் ஒரே மாதிரி இருந்தது. பதினாறு வயதில் இது எங்கிருந்து வந்தது? எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

49. அணியில் ஐந்தாவது இடம். சேர்க்கவில்லை.

செப்டம்பர் 2, சனி

அம்மா மன்னார்குடியிலிருந்து வீடியோவில் வந்தார். "ஏண்டா, பிள்ளை இப்படிக் கறுத்துப்போய்விட்டாளே, வெயிலில் என்ன விளையாட்டு?" பாப்பா இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டிக் காட்டினாள். உறை போடும் இடது கை மணிக்கட்டு வரை வெளுத்து, அதற்குமேல் வலது கையைப் போலவே கறுத்திருக்கிறது. மணிக்கட்டில் உறையின் பட்டை அருகே திறந்திருக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மறுபடி கறுப்பு. அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். "இது நோயா?" என்று பயந்தார். பிறகு சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

வேலை எப்படியிருக்கிறது என்றும் கேட்டார். இருக்கிறது என்றேன். அவருக்கு இப்போது சொல்லத் தேவையில்லை. கண் அறுவை முடியட்டும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

மூன்றடி. மூன்றே மூன்று அடி தூரத்தில் பந்தை வைத்துக்கொண்டு நான்கு தடவை தவறவிட்டாள். வீட்டுக் கூடத்தில் கம்பளத்தின் மேல் இரவு பதினொரு மணிக்கும் 'டொக், டொக்'. கீழே போய்த் தூங்கச் சொல்ல நினைத்து, படியிலேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாது.

செப்டம்பர் 8, வெள்ளி

விண்ணப்பித்த நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. இன்னொருவர், "விசா மாற்றித்தர மாட்டோம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். ஏதாவது ஒரு நிறுவனம் அறுபது நாளுக்குள் மனு போட்டால்தான். எனக்கு இரவில் வருகிற கணக்கு இதுவல்ல, அவளுடைய கணக்கு. அவளுக்கு இருபத்தொன்று ஆகும்போது கிரீன் கார்டு வரிசை எங்கே நிற்கும்? பிறந்த நாட்டை வைத்து வரிசை. என்னோடு சேர்ந்து வந்தவள், இருபத்தொன்றாவது பிறந்தநாளில் தன் விசாவைத் தானே தேட வேண்டும். கல்லூரியில் வெளிநாட்டு மாணவியாகச் சேர வேண்டும், ஆறு வயதிலிருந்து இந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டியவள். இதையெல்லாம் அவளிடம் பேசியதில்லை. அவளுக்குத் தெரியும். கூட்டாளிகள் வீடுகளிலும் இதே பேச்சுதான்.

இரவு மணி இரண்டு. நாளை காலை 18 குழி ஆட்டம்.

செப்டம்பர் 9, சனி

104. மழையில் நனைந்த பையை வீட்டு முற்றத்தில் காய வைத்திருக்கிறோம். பதினான்கு மட்டைகளுக்குமேல் பையில் இருக்கக் கூடாது. அவளிடம் பன்னிரண்டுதான், பாதி பழையவை. பக்கத்துப் பையில் முறுக்கு டப்பா. வலது கையால் மட்டும் எடுத்துச் சாப்பிடுகிறாள், எண்ணெய் உறையில் படக் கூடாதாம். அணியில் எல்லாரும் இப்போது முறுக்கு கேட்கிறார்கள். அவள் அம்மா நேற்று இரவு இன்னொரு டப்பா சுட்டாள்.

செப்டம்பர் 14, வியாழன்

இதை முழுதாக எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

மூன்றரை மணிக்கு ஃபோன் நேர்காணல். மைதானத்தின் கார் நிறுத்தத்திலேயே பேசினேன். டெக்சாஸில், பிளானோவில் ஒரு நிறுவனம். நல்லபடியாகப் போனது என்றுதான் நினைக்கிறேன். முடிந்து ஓடியபோது அவள் ஐந்தாவது குழியில் இருந்தாள்.

ஆறு பேர் ஆடுவார்கள், சிறந்த நான்கு ஸ்கோரைச் சேர்ப்பார்கள். பாப்பா இந்தப் பருவம் முழுக்க ஐந்தாவது அல்லது ஆறாவது. அதாவது அவள் அடித்தது ஒருநாளும் அணிக் கணக்கில் ஏறவில்லை. இதைப் பற்றி ஒரு வார்த்தை அவள் முறையிட்டதில்லை. நான்தான் உள்ளே குமைந்துகொண்டிருந்தேன்.

எட்டுக் குழிகளில் 44. கடைசிக் குழியில் இடப்பக்கம் குளம். முதல் அடி நேராகத் தண்ணீரில். சத்தம்கூடக் கேட்டது. ஓர் அடி தண்டனை. மூன்றாவது அடி குட்டையாகப் போனது. நான்காவது கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, வந்தாலும் கொடிக்கு எதிர்ப்புறக் கோடியில். அங்கிருந்து உருட்டியது குழிக்கு மூன்றடி முன்னே நின்றது. மறுபடியும் அதே மூன்றடி.

கூட ஆடிய மூவரும் முடித்துவிட்டு மட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. எப்படியும் சேராத ஸ்கோர்தானே என்று சட்டென்று தட்டிவிட்டு வந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் பந்துக்குப் பின்னால் போய்க் குந்தினாள். எழுந்தாள். குழியைச் சுற்றி மறுபக்கம் போய் அங்கேயும் குந்தினாள். திரும்பி வந்து பந்தின் கோட்டை நேராக்கி வைத்தாள். இரண்டு தடவை காற்றில் ஆட்டிப் பார்த்தாள். உள்ளே போனது. "ஆறு" என்றாள், அதே குரலில்.

50.

பிறகுதான் கூட்டினார்கள். எங்கள் நான்கு பேர்: 43, 46, 48, 49. மொத்தம் 186. எதிரணியும் 186. பயிற்சியாளர் அட்டைகளை மேசைமேல் பரப்பி மறுபடி கூட்டினார். 186. சமநிலை என்றால் ஐந்தாவது ஸ்கோரைப் பார்ப்பார்கள். அவர்களுடையது 51. எங்களுடையது 50.

ஐந்து பெண்களும் அவள்மேல் விழுந்தார்கள். அவளுக்கு முதலில் புரியவேயில்லை. பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கடைசிக் குழியில் அவள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேன். ஒவ்வொரு நொடியும் பார்த்தேன். என் மகள் அவள். இத்தனை வருடத்தில் எந்தப் பதவி உயர்வும், எந்தக் கடிதமும் எனக்கு இந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

வீட்டுக்கு அவளேதான் ஓட்டி வந்தாள், கற்றுக்கொள்வோர் உரிமத்தில். சிக்னலில் நிற்கும்போது திடீரென்று, "அப்பா, ஃபோன் எப்படிப் போனது?" என்றாள்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. 48!

செப்டம்பர் 24, ஞாயிறு

காலையிலிருந்து சோல்ஹைம் கோப்பை, ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் பெண்கள் கோல்ஃப். ஐரோப்பா 14, அமெரிக்கா 14. இந்தக் கோப்பை வரலாற்றில் முதல் சமநிலை. முந்தைய முறை வென்றவர்களிடமே கோப்பை இருக்கும் என்பது விதி, ஆகவே ஐரோப்பாவுக்கு. சொந்த நாடான ஸ்பெயினில் ஆடிய கார்லோட்டா சிகாண்டா 16, 17 இரண்டு குழிகளையும் வென்று அமெரிக்காவின் நெல்லி கோர்டாவை முடித்தபோது பாப்பா சோபாவில் எழுந்து நின்றுவிட்டாள். எந்த அணிப் பக்கம் என்று கேட்டேன். சிகாண்டா பக்கம் என்றாள்.

பிளானோவிலிருந்து இரண்டாம் நேர்காணலுக்கு அழைப்பு.

செப்டம்பர் 27, புதன்

மாநிலப் போட்டிக்கான அடுத்த கட்டத்தில் ஐந்து பேர்தான் ஆட முடியும். ஆறில் ஒருத்தி வெளியே. பாப்பா உள்ளே. வெளியே போன பெண்ணின் வீட்டுக்கு மாலையில் அவளே போய், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 30, சனி

ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் அதிதி மூன்றாவது சுற்றில் 61 அடித்து ஏழு அடி முன்னிலையில் இருந்தார். தங்கம் உறுதி என்று நினைத்தோம். கடைசிச் சுற்று எங்களுக்கு இன்றிரவு. ஃபோனில் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். 77. வெள்ளி. ஆசிய விளையாட்டில் கோல்ஃப் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர், ஆனாலும் பாப்பாவின் முகம் தொங்கிவிட்டது. "ஏழு அடி, அப்பா. ஏழு." பிறகு கம்பளத்துக்குப் போய்விட்டாள். டொக், டொக்.

அவர் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அந்த எண்கள் ஒவ்வொன்றாக மாறியபோது எப்படி இருந்திருக்கும்?

அக்டோபர் 4, புதன்

98!!

பதினெட்டுக் குழிகளை நூறுக்குள் முடித்தது இதுவே முதல் முறை. அவள் வாழ்க்கையின் சிறந்த ஆட்டம், அதுவும் மற்ற நால்வரும் அவளைவிட நன்றாக ஆடிய நாளில். சேர்க்கவில்லை. அணி அடுத்த கட்டத்துக்குப் போகிறது. முதலில் முடித்தவள் கடைசி கிரீனுக்குப் பின்னால் புல்லில் நின்று, மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராக வரும்வரை காத்திருந்தாள். குளிர். என் ஜாக்கெட்டைக் கொடுக்கப் போனால் கண்ணாலேயே விரட்டிவிட்டாள், பெற்றோர் பாதையை விட்டு இறங்கக் கூடாது.

அட்டையின் நகலைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். 13-ஆவது குழியில் 3.

அக்டோபர் 6, வெள்ளி

பிளானோவிலிருந்து ஆம். எழுத்தில் வரவில்லை, வாய்மொழியாகத்தான். மனு 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும், அவர்களுடைய வழக்கறிஞர் முடியும் என்கிறார். போகும் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் சொன்னோம். என்னால் சொல்ல முடியவில்லை, அவள் அம்மாதான் சொன்னாள். பாப்பா தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எப்போது போக வேண்டும்? நவம்பர். பள்ளி? நடுவில். வெகுநேரம் கழித்து, "டெக்சாஸில் பள்ளிக்கூட கோல்ஃப் வசந்த காலத்தில்" என்றாள். ஏற்கெனவே தேடிப் பார்த்திருக்கிறாள்! எப்போது பார்த்தாள்? நேர்காணலுக்கு முன்பா? அங்கே அவளை ஆட விடுவார்களா, அணியில் யார் இருப்பார்கள், ஒன்றும் தெரியாது. இங்கே இந்த ஐந்து பேர். அந்தப் பெண்கள் நேற்றுத்தான் எங்கள் சமையலறையில் நின்று முறுக்கு பிழிந்தார்கள்.

கையை அலம்பிக்கொண்டு மேலே போனவள் படியிலிருந்து திரும்பி, "அப்பா, அது நல்ல செய்தி" என்றாள். என்னைத் தேற்றினாள்.

அக்டோபர் 9, திங்கள்

பயிற்சிச் சுற்று. எட்டாவது குழியில் காற்று எதிரே வருகிறதாம், ஒரு மட்டை பெரிதாக எடுக்க வேண்டுமாம். இரவு உணவு முழுக்க எட்டாவது குழிதான். மாநிலப் போட்டிக்குப் போக முடியாது என்று அவளே சொல்கிறாள், இந்த மாவட்டத்தில் மற்ற அணிகள் எல்லாம் பலம். அதனால் நாளைதான் கடைசி. அதைச் சொல்லும்போதும் எட்டாவது குழியின் காற்றைப் பற்றிச் சொல்லும்போதும் ஒரே குரல்.

அக்டோபர் 10, செவ்வாய்

காலை 6.10. மழை இல்லை. 41 டிகிரி ஃபாரன்ஹீட், குளிர். 8.50-க்கு ஆட்டம். வழக்கறிஞர் கேட்ட இரண்டு ஆவணங்களை மாலைக்குள் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். அவள் அம்மா இன்று விடுப்பு எடுத்திருக்கிறாள். பாப்பா காரில் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கிக் கூப்பிடுகிறாள்.