லாங்வுட்: பாதியில் நின்ற வீடு

மார்ச் 14, வெள்ளி

அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரிலிருந்து 61-ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். மிசிசிப்பி ஆற்றங்கரை மேட்டில் நாட்செஸ் என்கிற சின்ன ஊர். தூண் வைத்த பழைய மாளிகைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. நான் வந்தது லாங்வுட்டுக்கு மட்டும். மற்றவையெல்லாம் கட்டி முடித்த வீடுகள்.

மார்ச் 15, சனி

வழியெல்லாம் மரங்களில் பாசி சடைசடையாகத் தொங்குகிறது. ஒரு திருப்பத்தில் எட்டுப் பட்டையாகச் செங்கல் கட்டடம், உச்சியில் வெங்காயம் மாதிரி ஒரு குவிமாடம்.

பருத்திப் பண்ணை முதலாளி ஹாலர் நட், பிலடெல்பியாக் கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோனிடம் வரைபடம் வாங்கி 1860-இல் வேலையைத் தொடங்கினார். 32 அறைகள் போடுவதாகத் திட்டம். மறு வருஷமே வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே உள்நாட்டுப் போர். வடக்கிலிருந்து வந்திருந்த தச்சர்களும் கொத்தனார்களும் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார்கள். கீழ்த்தளத்து 9 அறைகள் மட்டும் பிறகு முடிந்தன.

அந்த ஒன்பதில் மேசை, நாற்காலி, கட்டில் எல்லாம் இருக்கிறது. சரி, பணக்கார வீடு, பார்த்தாயிற்று. அப்புறம் மாடிப்படி ஏறினேன். பூச்சே காணாத செங்கல். அண்ணாந்தால் குவிமாடம்வரை வெறும் மரச்சட்டம். தரையில் அன்றைய கருவிகள், சாமான் வந்த மரப்பெட்டிகள். மேஸ்திரி டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றால் நம்பிவிடுவேன்.

நட் வடக்குப் பக்கம் சாய்ந்தவர். அப்படியும் போரில் பருத்தியெல்லாம் போயிற்று. 1864-இல் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு கீழ்த்தளத்திலேயே காலம் தள்ளினார், 1897-இல் கண் மூடும்வரை. தலைக்கு மேலே அத்தனை மாடி காலி.

மார்ச் 16, ஞாயிறு

‘வேலையாட்கள் போய்விட்டார்கள்’ என்று நேற்று வழிகாட்டி அம்மா சொன்னது ராத்திரி முழுக்க உறுத்தியது. போக முடிந்தவர்கள் போனார்கள். அந்த மண்ணிலேயே செங்கல் அறுத்துச் சுட்டவர்கள் நட்டின் அடிமைகள். அந்த 9 அறைகளை முடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

காலையில் ‘ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு’ போனேன். அடிமைச் சந்தை நடந்த இடம். புல்தரை, சில தகவல் பலகைகள், சிமெண்டில் பதித்த கைவிலங்குகள். அவ்வளவுதான். 1863-இல் வடக்குப் படை ஊரைப் பிடித்தபின், கறுப்பினச் சிப்பாய்கள் அடிமைகளை அடைத்துவைத்த கொட்டடிகளைப் பிரித்து, அந்த மரத்தில் தங்களுக்குப் பாசறை கட்டிக்கொண்டார்களாம். லாங்வுட்டில் பழைய மரப்பெட்டிகூட பத்திரமாக இருக்கிறது. இங்கே கொட்டடியின் ஒரு பலகைகூட மிச்சமில்லை.