உயர்த்திய வண்டிக்கு எந்த ஜாக்? டெத் வேலியின் ரேஸ்டிராக் பாதையிலிருந்து

கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், உபெஹிபி எரிமலை வாயிலிலிருந்து ரேஸ்டிராக் என்னும் வறண்ட ஏரிப்படுகைக்குச் செல்லும் 27 மைல் மண்பாதை, டயர்களைக் கிழிப்பதில் பெயர் பெற்றது. வழி நெடுக வரிவரியான மேடுபள்ளம். அதற்குள் பாதி புதைந்து கிடக்கும் கூர்மையான கற்கள். கைபேசி இணைப்பு கிடையாது. இழுவை வண்டி வந்து சேர்வதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். செலவும் சாதாரணமாக இருக்காது. முழு அளவு ஸ்டெப்னி இல்லாமல் இங்கே வர வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. ஆனால் ஸ்டெப்னியை மாற்றுவதற்கான ஜாக்கைப் பற்றி எத்தனை பேர் யோசிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

எங்கள் வண்டி டொயோட்டா டகோமா என்னும் பிக்கப். வண்டியின் உடலை மேலே தூக்கி நிறுத்தும் 3 அங்குல லிஃப்ட் கிட் போட்டு, 265/70 ஆர்17 டயர்களுக்குப் பதிலாகச் சற்றுப் பெரிய 285/70 ஆர்17 டயர்களை மாட்டியிருந்தோம். வண்டியை உயர்த்தியவர்கள் பெரும்பாலும் அடுத்து வாங்குவது, நெஞ்சுயரத்துக்கு நிற்கும் இரும்புத் தண்டில் படிப்படியாக ஏறும் பண்ணை ஜாக். வண்டி உயர்ந்துவிட்டது, ஆகவே ஜாக்கும் உயரமாக இருக்க வேண்டும் என்ற கணக்கு அது. நாங்கள் புறப்படுவதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, கணக்கு வேறாக இருந்தது.

லிஃப்ட் கிட், ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் கூட்டுகிறது. ஆக்சிலுக்கும் தரைக்கும் இடையே உள்ள தூரத்தைத் தொடுவதே இல்லை. அந்தத் தூரத்தைக் கூட்டுவது டயர் மட்டுமே, அதுவும் எங்கள் வண்டியில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். சேசிஸோ கிட்டும் டயருமாகச் சேர்ந்து 9 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. சேசிஸில் ஜாக் வைத்துத் தூக்கினால், ஸ்பிரிங்குகள் முழுவதும் தொங்கி முடிந்த பிறகுதான் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதற்குள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஜாக்கின் மேல் ஆடிக்கொண்டிருக்கும். ஆக்சிலுக்கு அடியில் வைத்தாலோ, ஜாக் ஏறுகிற அளவுக்குச் சக்கரமும் உடனே ஏறும். முன்பக்கம் முழு ஆக்சில் இல்லாததால், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க்கைக்கு அடியில், சக்கரத்தை ஒட்டி வைக்க வேண்டும். அந்த இடம் சரிவாக இருப்பதால் பள்ளம் உள்ள தலைப்பகுதி கொண்ட ஜாக் தேவை.

ஜாக் எத்தனை டன் தூக்கும் என்ற கேள்விக்குக் கடைக்காரர்கள் தரும் முக்கியத்துவம் எனக்கு விளங்கவில்லை. முழுச் சுமையோடு டகோமாவின் எடை ஏறத்தாழ இரண்டரை டன். ஒரு சக்கரத்தின் பங்கு அதில் கால்வாசியை ஒட்டித்தான் வரும். இரண்டு டன் ஜாக்குக்கே அது சுமையில்லை. உண்மையில் பார்க்க வேண்டியவை இரண்டு உயரங்கள்: காற்றில்லாத டயரில் வண்டி அமர்ந்திருக்கும்போது ஆக்சிலுக்கு அடியில் ஜாக் நுழைய வேண்டும், அதே ஜாக், காற்று நிரம்பிய ஸ்டெப்னி உள்ளே போகும் அளவுக்கு உயரவும் வேண்டும். பின்டயரின் காற்றை இறக்கி நாங்கள் அளந்தோம். முதல் அளவு 22 சென்டிமீட்டர், இரண்டாவது 41. இந்த இரண்டையும் எட்டும் ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கை (எண்ணெய் அழுத்தத்தில் உயரும் குப்பி வடிவ ஜாக்), திருகி உயர்த்தும் தலையோடும் கூடுதல் நீட்டிப்போடும் வாங்கினோம். அதனுடன் ஓரடிச் சதுரத்துக்குத் தடித்த பிளைவுட் பலகையும் சேர்ந்தது. என்னைக் கேட்டால் பலகைக்கே முதலிடம் கொடுப்பேன்.

அந்தப் பாதையில் வரும் டீக்கெட்டில் சந்திப்பைத் தாண்டிச் சிறிது தூரத்தில், வலப்பக்கப் பின்டயரின் பக்கவாட்டைக் கல் ஒன்று கிழித்தது. பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்டுப் பயன்படாது. சமமான இடமாகப் பார்த்து நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொண்டோம். மேல்மண்ணைக் காலால் ஒதுக்கிப் பலகையைப் போட்டு, பட்டை ஸ்பிரிங்குக்கு அருகே ஆக்சிலுக்கு நேர்கீழே ஜாக்கை நிறுத்தினோம். கைப்பிடியை அழுத்த அழுத்தப் பலகையின் ஓரங்களில் சரளை நொறுங்கும் ஓசை கேட்டது. பலகை விரல்கனம் இறங்கி, பின் அசையாமல் நின்றது. ஜாக்கின் சின்ன அடிப்பகுதி மட்டும் இருந்திருந்தால் அந்தச் சரளைக்குள் இன்னும் ஆழமாகவே போயிருக்கும். சக்கரத்தைக் கழற்றியதும் அதையே சேசிஸுக்கு அடியில் படுக்க வைத்தோம். ஜாக் நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் இறங்கும். லாரி ஓட்டுநர்கள் காலங்காலமாகச் செய்து வருவது இது.

ரேஸ்டிராக்கின் நகரும் கற்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். குளிர்கால இரவில் உறையும் மெல்லிய பனித்தகடு பகலில் உடைந்து, இளங்காற்றில் மிதந்து, கற்களைத் தள்ளுகிறது என்பதை 2013 டிசம்பரில் ஆய்வாளர்கள் நேரிலேயே கண்டு அடுத்த ஆண்டு வெளியிட்டனர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் இன்னொரு உயர்த்திய வண்டி டயர் கிழிந்து நின்றிருந்தது. அவர்களிடம் 48 அங்குலப் பண்ணை ஜாக் இருந்தது. அதை மாட்டுவதற்கு வண்டியில் இடம் இல்லை. பம்பர் பிளாஸ்டிக், பக்கத்தில் இரும்புப் படியும் கிடையாது. 1905 முதல் இண்டியானாவின் புளூம்ஃபீல்டில் செய்யப்படும் ஹை-லிஃப்ட் உட்பட, இந்த வகை ஜாக்குகள் எல்லாவற்றுக்கும் உறுதியான இரும்பு பம்பரோ பக்கச் சட்டமோ வேண்டும். தண்டில் ஜாக்கை ஏற்றும் ஏறுபற்களுக்குள் புழுதி புகுந்தால் அவை சிக்கிக்கொள்ளும். சுமையோடு கைப்பிடி கை நழுவினால் தாடையை உடைக்கும் வேகத்தில் மேலே பாயும். எங்கள் பாட்டில் ஜாக்கும் பலகையும் அவர்கள் வண்டிக்கும் போதுமானவையாக இருந்தன.

ஆனாலும் பண்ணை ஜாக்கை நான் ஒதுக்கிவிடவில்லை. பள்ளத்தில் இறங்கிய வண்டியின் பம்பரைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் நிரப்பவும், சங்கிலி கட்டி அங்குலம் அங்குலமாக இழுக்கவும் அதற்கு ஈடில்லை. ஏறத்தாழ 13 கிலோ எடையுள்ள அதை, இரும்பு பம்பர் போட்ட வண்டியில், சேற்றுப் பாதைக்குப் போகும்போது மட்டும் ஏற்றிக்கொள்வது சரியாக இருக்கும். புகைக்குழாய்க் காற்றில் உப்பும் பை ஜாக், மணலுக்கு மிக நல்லது. ரேஸ்டிராக் போன்ற கூர்ங்கல் பாதையில் அதை விரிக்க எனக்குத் துணிவில்லை. பாட்டில் ஜாக்கை வாங்குகிறவர்கள் அதை நிமிர்த்தியே கட்டி வையுங்கள்; படுத்துக் கிடந்தால் எண்ணெய் கசியவும் உள்ளே காற்றுப் புகவும் வாய்ப்புண்டு.