ஐசி தப்பியது, ஸ்பீக்கர் கருகியது

மட்டக்களப்பு, கல்லடிப் பஜனைக் குழு ஒன்றின் சிறிய அம்ப்ளிபையர் என்னிடம் வந்தது. புதிதாகப் போட்ட ஸ்பீக்கரும் கருகிவிட்டதாம். "ஐசியை மாற்றினால் சரிதானே, அண்ணன்?" என்று கேட்டார் கொண்டுவந்த தம்பி. எல்லோருக்கும் முதல் சந்தேகம் ஐசி மேல்தான். உள்ளே இருந்த ஐசி டிடிஏ2030, ஒலியைப் பெருக்கும் சில்லு. சூடு மிஞ்சினாலோ ஷோர்ட் ஆனாலோ அது தன்னைக் காத்துக்கொள்ளும். ஸ்பீக்கரைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, 60 வாற்று இழைக் குமிழ் ஒன்றை மின் இணைப்பில் தொடராகப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். குமிழ் பளிச்சிட்டு அடங்கியது. விடாமல் எரிந்திருந்தால் உள்ளே ஷோர்ட். மல்டிமீற்றரை டிசியில், அதாவது நேர்மின்னில், வைத்து வெளியீட்டைத் தொட்டேன்: 10 வோல்ற்றுக்கு மேல்! பாட்டு ஓடாதபோது அங்கே சில மில்லிவோல்ற்றுதான் இருக்கவேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரின் சுருள் மீற்றரில் 6, 7 ஓம்தான் காட்டும். அதில் 10 வோல்ற்று நின்றால் ஏறக்குறைய 15 வாற்று, சத்தமேயில்லாமல், முழுவதும் சூடாக. கருகாமல் என்ன செய்யும்?

ஐசியின் ஐந்தாம் காலில் பிளஸ் 16 வோல்ற்று சரியாக இருந்தது. மூன்றாம் காலில் மைனஸ் 16 வரவில்லை. அதனால்தான் வெளியீடு பிளஸ் பக்கம் இழுபட்டிருக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால், அந்தக் காலைச் சுற்றி பற்றவைத்த ஈயத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு வளையம். ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், உப்புக்காற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் முதற்காரணம் ஐசியின் சூட்டை வாங்கும் வெப்பத்தகடுதான். அதன் பாரம் முழுவதும் ஐசியின் கால்களில் தொங்க, பெட்டி மோட்டார் சைக்கிளில் கோயில் கோயிலாக அலைந்திருக்கிறது.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன். தகட்டைப் பெட்டியோடு திருகினேன். இந்த ஐசியின் உலோக முதுகு உள்ளே மூன்றாம் காலோடு சேர்ந்தது. மைக்காத் தாளும் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் இறுக்கினால் மைனஸ் நேரே பெட்டிக்கு ஷோர்ட்.

வெளியீடு 15 மில்லிவோல்ற்றுக்கு இறங்கியது. அதோடு விட மனமில்லை. ஸ்பீக்கரைக் காக்கும் யூபிசி1237 ஐசியும், மின்னால் இயங்கும் சுவிட்சான ரிலேயும் உள்ள பலகை ஒன்றைச் சேர்த்தேன். சுவிட்சைப் போட்டுச் சில வினாடிகள் கழித்தே அது ஸ்பீக்கரை இணைக்கும். டிசி வந்தால் துண்டிக்கும். அம்ப்ளிபையர் வயரை எடுத்துவிட்டு, பலகையின் உள்ளீட்டில் 9 வோல்ற்று பற்றரியை வைத்தேன், ரிலே இணைப்பைத் துண்டித்தது. முனைகளை மாற்றி வைத்தேன், அப்போதும் துண்டித்தது. அதன் பிறகுதான் புது ஸ்பீக்கரை எடுத்துவரும்படி தம்பியிடம் சொன்னேன்.