கிடார் கம்பியும் கோணி ஊசியும்

போன ஐப்பசியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் 2009 மாடல் ஏழு சீட் வண்டியின் கடைசி சீட்டைத் தூக்கினால் ஈரச் சாக்கு நாற்றம். வலது பக்கக் கடைசிக் கண்ணாடியின் அடி ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், துரு உதிர்ந்தது. கண்ணாடியைக் கழற்றாமல் அதற்கு வைத்தியம் கிடையாது.

பழைய அம்பாசிடரில் இருப்பதுபோல ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியாக இருந்தால் கவலையே இல்லை. இது பேஸ்டிங் கண்ணாடி. பாலியூரித்தேன் என்ற கறுப்புப் பசையால் பாடியோடு ஒட்டியது. இதே வண்டியின் இடது கண்ணாடியை இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் பட்டித் தகட்டை விட்டு நெம்பினார்கள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சீட்டெல்லாம் கற்கண்டு. அப்புறம் கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அரை நாள் அலைந்து ஒன்றைப் பிடித்தேன். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்ட சமயத்தில் யாரோ பிளேடால் சுரண்டியிருப்பார்கள் போல, கோடு கோடாகக் கீறல். வெயில் பட்டால் இன்றைக்கும் பளிச்சென்று தெரியும்.

"இதையும் அங்கயே உட்டுரலாமா சாமி?" என்றார் அப்பா.

"வேண்டாங்கப்பா, நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். கார் வேலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எதையும் பலம் போட்டு இழுத்தால் அறுந்து போகும் என்பது தறிக்காரனுக்குத் தெரியும்.

முதலில் கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரையைப் படித்துப் பார்த்தேன். டெம்பர்டு. சூடு பண்ணிச் சட்டென்று குளிர வைத்த கண்ணாடி. மேல்தோல் இறுக்கத்திலும் உள்பக்கம் இழுவிசையிலும் இருக்கும். நடுவில் குத்துவிட்டாலும் தாங்கும், ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் ஆழமாக இறங்கினால் மொத்தமும் தூளாகிவிடும். பட்டறையில் நடந்தது அதுதான். முன் கண்ணாடி வேறு சாதி, லேமினேட்டட். நொறுங்காது, விரிசல் விடும். ஆனால் அது கூரைக்கும் பலம் கொடுக்கிறது, பல வண்டிகளில் ஏர்பேக் விரியும்போது அதன்மேல் சாய்ந்துதான் விரிகிறது. அதை வீட்டில் தொடுவதாக எனக்கு உத்தேசம் இல்லை. பக்கக் கண்ணாடி என்பதால்தான் துணிந்தேன்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நாள். வலது பக்கம் வெயில் படும்படி வண்டியை வாசலில் நிறுத்தினேன். பசை சூட்டில் கொஞ்சம் இளகும். கூட்டுக்கு என் சித்தப்பா மகன். உள்ளே பிளாஸ்டிக் பேனலைக் கழற்றியதில் இரண்டு கிளிப் போயிற்று, அது எப்போதும் போகிறதுதான். பெல்ட்டின் மேல் போல்ட்டையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், பசைக் கோட்டுக்கு நடுவே இரண்டு இடத்தில் பிளாஸ்டிக் முளைகள். ஒட்டும்போது கண்ணாடி நகராமல் இருக்க வைத்தவை. இதைப் பார்க்காமல் அறுக்க ஆரம்பித்திருந்தால் கம்பி அங்கே மாட்டியிருக்கும். ஆக்சா பிளேடுத் துண்டால் இரண்டையும் முதலிலேயே அறுத்தோம்.

பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று. கண்ணாடி மேல் பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன், உடைந்தாலும் சிதறாமல் இருக்கட்டும் என்று. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோல் உறை, முழுக்கைச் சட்டை.

பசைக்குள் ஓட்டை போடக் கோணி ஊசியைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியவில்லை. முனை வளைந்திருக்கும், பின்னால் காது இருக்கும். காதில் கம்பியைக் கோத்து, உள்ளேயிருந்து அடி ஓரத்தில் மெல்லத் திருகித் திருகிக் குத்தினேன். ஊசி வெளியே எட்டிப் பார்த்ததும் தம்பி கொறடால் பிடித்து இழுத்துக்கொண்டான். கம்பியின் இரண்டு முனையிலும் மூங்கில் துண்டு கட்டி, நான் உள்ளே, அவன் வெளியே, ரம்பம் இழுப்பதுபோல இழுத்தோம்.

எந்தக் கம்பி என்பதில்தான் காலை முழுக்கப் போயிற்று. முதலில் மோட்டார் வைண்டிங் செம்புக் கம்பி. அது இழுக்க இழுக்க நீண்டதே தவிர அறுக்கவில்லை. அடுத்து பழைய கிளட்ச் கேபிளைப் பிரித்து மூன்று இழையாக முறுக்கிப் பார்த்தோம். ஒரு சாண் நன்றாக அறுத்தது, பிறகு பட்டென்று அறுந்தது. தொட்டால் சுட்டது. அப்போதுதான் புரிந்தது, வேகம்தான் எதிரி. வேகமாக இழுத்தால் கம்பி சூடேறுகிறது, பசை உருகிப் பிடிக்கிறது, கம்பி போகிறது. பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டலாம், இந்த வேலையில் முடிச்சு பசைக்குள் நுழையாது. மறுபடி ஊசி, மறுபடி ஓட்டை.

மூன்றாவது, தம்பி வீட்டில் மூலையில் கிடந்த கிடாரின் கம்பிகள். மேலே சுருள் சுற்றிய தடிமனான கம்பி ரம்பம் போல அறுக்கும் என்று எதிர்பார்த்தேன். சீக்கிரமே சுருள் பிரிந்துகொண்டது. சுருள் இல்லாத வெறும் எஃகுக் கம்பிதான் கடைசி வரை நின்றது. சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடித்துக்கொண்டே இருந்தோம், அதுவும் வெதுவெதுப்பாக. வெயிலில் காய்ந்த கண்ணாடிக்குப் பச்சைத் தண்ணீர் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

"ஏனுங்ணா, அறுக்குதா இல்ல சும்மா தேய்க்குதா?"

"பைய இழுப்பா. கண்ணாடிப் பக்கமே படுக்க வெச்சு இழு."

கம்பியைப் பாடிப் பக்கம் சாயவிட்டால் பெயின்டைக் கீறி நாளைக்குப் புதுத் துருவுக்கு வழி பண்ணும். நட்டமாகத் தூக்கினால் கண்ணாடியின் ஓரத்தைப் பிடிக்கும். தட்டையாக, கண்ணாடியின் முகத்தோடு ஒட்டியே போக வேண்டும். நேர்க்கோட்டில் சிரமமில்லை. மூலைகளில்தான் உயிர் போயிற்று. அங்கே இரண்டு விரல் நீளத்துக்கு மேல் இழுக்கவில்லை. நான்கு மூலையும் திரும்பி முடிக்க மூன்று மணி நேரம், நடுவில் இரண்டு டீ.

கடைசி ஒரு சாண் பாக்கி இருக்கும்போது டைல்ஸ் மேஸ்திரியிடம் இரவல் வாங்கிய ரப்பர் கப்பைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அறுந்ததும் கீழே போகும். விட்டது. தூக்கிக்கொண்டு போய்க் கயிற்றுக் கட்டிலில் பழைய போர்வை விரித்துப் படுக்க வைத்தோம். சிமென்ட் தரையில் ஓரத்தை ஊன்றி நிறுத்துவதற்கு, பேசாமல் சுத்தியலால் அடித்துவிடலாம்.

அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. டிங்கர் வந்து தகடு வைத்துப் பற்றவைத்தார். தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்துக் காயவிட்டோம்.

திரும்ப ஒட்டுவதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்கக் கூடாது. நல்ல இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சமமாகச் சீவி, கை படாமல் வைத்துக்கொண்டால் புதுப் பசை அதன்மேல்தான் நன்றாகப் பிடிக்கும். வெறும் தகடு தெரிகிற இடத்துக்கு அதற்கான பிரைமர். குழாய் முனையை வி வடிவத்தில் வெட்டி, இடைவெளி விடாமல் ஒரே கோடாக வைத்து, மேலே தோல் கட்டுவதற்குள் கண்ணாடியை அமர்த்தி டேப் போட்டோம். இந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். நம் பக்கத்துச் சித்திரைக் காற்றில் ஏது ஈரம்? சுற்றிலும் வாசலை நனைத்துவிட்டு இரண்டு நாள் வண்டியைத் தொடவில்லை. முன் கதவுக் கண்ணாடிகளை நாலு விரல் இறக்கியே வைத்திருந்தேன். எல்லாம் அடைத்திருக்கும்போது கதவைப் படீரென்று சாத்தினால் உள்ளே இருக்கும் காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும்.

மூன்றாம் நாள் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, போர் குழாயை வண்டியின் கூரைமேல் கால் மணி நேரம் பிடித்தேன். அப்பா டார்ச்சோடு உள்ளே கடைசி சீட்டில். ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் தட்டி என்ன ஆச்சுங்க என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் காஞ்சு கெடக்குது. அந்தப் பக்கந்தான் ஒழுகுது."

இடது பக்கம். பேனலைக் கழற்றிப் பார்த்தால், பட்டறைக்காரர் சுற்றிலும் வைத்திருந்தது பாத்ரூமுக்கு வைக்கும் வெள்ளை சிலிக்கான்.

கிடாரில் இன்னும் இரண்டு வெறும் கம்பி மிச்சம் இருக்கிறதாம், தம்பி சொன்னான்.