மணல் மேசையில் ஒரு மௌனம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீயை எதிர்த்து நிற்கும் குழுக்களுக்குத் தலைமைப் பண்பையும் குழு ஒற்றுமையையும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. "இதெல்லாம் கூடவே பிறக்கிற குணம் ஆச்சே, வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லித்தர முடியுமா?" என்று நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் சில வருடங்கள் அந்தச் சந்தேகம் எனக்குள்ளும் இருந்தது. ஒரு வசந்தகாலப் பயிற்சியில், மணல் மேசையைச் சுற்றி நின்றபோதுதான் அது போனது.

மணல் மேசை என்பது பலகை அடித்த ஒரு தொட்டி, அவ்வளவுதான். ஈர மணலைக் குவித்து மலை, சரிவு, ஓடை எல்லாம் செய்வோம். சிவப்பு நூல் தீயின் விளிம்பு, பஞ்சு புகை, பொம்மை லாரி எங்கள் வண்டி. ஒருவரைக் குழுத்தலைவராக நிறுத்தி, கையில் வாக்கிடாக்கி கொடுத்து, "மணி 2, காற்று தென்மேற்கிலிருந்து, உங்கள் ஆட்கள் இந்தச் சரிவின் நடுவில் கோடு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்து, ஒன்றன் பின் ஒன்றாகச் சிக்கல்களைக் கொடுத்துக்கொண்டே போவோம். கோடு என்பது, தீ தாண்டி வராதபடி புல்லையும் புதரையும் வெட்டி, வெறும் மண் தெரியும்வரை சுரண்டி எடுத்த பாதை. அன்றைக்கு, முதல் சீசனுக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் காதில் மட்டும், "உனக்குக் கீழே, கோட்டுக்கு இந்தப் பக்கம், புதிதாக ஒரு புகை தெரிகிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். தலைவராக நின்றவர் 12 சீசன் பார்த்தவர், நல்ல ஆள், தெளிவாகத்தான் உத்தரவுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை. கோட்டுக்குக் கீழே தீ என்றால் ஆட்கள் இரண்டு தீக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். பயிற்சியை நிறுத்திவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர் எப்படியும் பார்த்திருப்பார்னு நினைச்சேன்" என்றாள்.

தலைவர் மெதுவாகச் சொன்னார்: "நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்."

அதற்கு முன்புவரை நான் தலைமை என்று நடத்திக்கொண்டிருந்தது முழுக்க முழுக்கத் தலைவரைப் பற்றியது. நான் எப்போதும் சொல்கிற கதை எட் புலாஸ்கியுடையது. கோடரியும் கொத்தும் ஒரே தலையில் இருக்கிற புலாஸ்கி என்ற கருவி அவர் பெயரில்தான் இருக்கிறது, எங்கள் தொழிலில் அதைப் பிடிக்காத கை கிடையாது. 1910 ஆகஸ்டில் ஐடஹோவில் பெருந்தீ சூழ்ந்தபோது, ஏறக்குறைய 45 பேரை ஒரு பழைய சுரங்கத்துக்குள் கொண்டுபோய், பயந்து வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கியைக் காட்டித் தடுத்து உட்கார வைத்தார். சிலர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிழைத்தார்கள். தலைவன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நம்பி, கேட்கிறவர்களையும் நம்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் நடந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1949 ஆகஸ்ட் 5, மொன்டானா. விமானத்திலிருந்து குதித்த 15 வீரர்களும், முன்பே தரையில் இருந்த தீக்காவலர் ஒருவருமாக 16 பேர். ஒரு பாராசூட் விரியாமல் விழுந்ததில் ரேடியோ நொறுங்கிவிட்டது. தலைவர் வாக்னர் டாட்ஜ் நீண்ட அனுபவம் உள்ளவர், ஆனால் அந்த ஆட்களில் பலரோடு அவருக்குப் பழக்கம் குறைவு. தீ பள்ளத்தாக்கைத் தாண்டி அவர்கள் பக்கம் ஏறி வந்தபோது, கனமான கருவிகளைக் கீழே போடச் சொன்னார். பிறகு, தீ நெருங்கிக்கொண்டிருக்கும்போதே, முன்னால் இருந்த புல்லில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். அந்தப் புல் எரிந்து முடிந்த இடத்தில் பெருந்தீக்குத் தின்ன எதுவும் மிச்சம் இருக்காது, அதற்குள் வந்து படுங்கள் என்று கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. டாட்ஜ் அந்தச் சாம்பலில் படுத்துப் பிழைத்தார், இருவர் மலைமுகட்டுக்கு ஓடித் தப்பினார்கள், மற்ற 13 பேரும் இறந்துபோனார்கள்.

உத்தரவு சரியானது, கொடுத்தவர் திறமைசாலி, ஆனாலும் யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அப்படி ஒரு வழி இருப்பதே அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காதது, அதிகம் தெரியாத ஒரு மனிதர் எல்லாரும் நெருப்பை விட்டு ஓடுகிற நேரத்தில் புதிதாக ஒரு நெருப்பை வைக்கிறார், அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுகூட அவர்கள் நினைத்திருக்கலாம். கார்ல் வைக் என்ற அமைப்பு உளவியலாளர் 1993-இல் இந்தச் சம்பவத்தை ஆராய்ந்து எழுதினார். நடப்பது என்னவென்றே புரியாமல் போனபோது குழு என்ற அமைப்பும் கூடவே உடைந்துவிட்டது என்பது அவர் பார்வை. கருவியைப் போடு என்று சொன்ன நொடியில் தீயணைப்பவன் என்ற அடையாளமும் கீழே விழுகிறது, அதற்கப்புறம் இருப்பது தனித்தனியாக ஓடுகிற மனிதர்கள்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகிற இடம் இது.

அந்தச் சரிவில் பயிற்சிக்கு வந்தவர்களோடு நான் ஏறியிருக்கிறேன். இப்படிப் பழைய விபத்து நடந்த இடத்துக்கே போய், அங்கங்கே நின்று, "இந்த நிமிடத்தில் உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், நீ என்ன செய்வாய்?" என்று கேட்பது ராணுவத்திடமிருந்து எடுத்துக்கொண்ட முறை. வகுப்பில் "நானாக இருந்தால் டாட்ஜ் பக்கம் போயிருப்பேன்" என்று சொன்னவர்கள் அந்தச் செங்குத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது அப்படிச் சொல்வதில்லை.

1994 ஜூலை 6 அன்று கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 14 பேர் இறந்த பிறகுதான் இந்தத் துறை இதைத் தீவிரமாகக் கையில் எடுத்தது. எந்த விதியை யார் மீறினார் என்பதோடு நிற்காமல், அந்த நேரத்தில் ஆட்கள் எப்படி யோசித்தார்கள், யார் யாரிடம் எதைச் சொல்லத் தயங்கினார்கள் என்றும் கேட்க ஆரம்பித்தார்கள். விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. காட்டுத்தீ அணைப்பவர்களுக்கென்றே பத்துக் கட்டளைகள் 1957-லிருந்து இருக்கின்றன. கண்காணிப்பவர், தகவல் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம் என்று பால் கிளீசன் என்ற தீயணைப்பு வீரர் 1991-இல் சுருக்கித் தந்த நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் மலை உச்சியில் கண்காணிப்புக்கு நிற்கிறவர் பார்த்ததைச் சொல்லக் கூச்சப்பட்டால், அந்த நான்கில் முதல் இரண்டும் அங்கேயே போய்விட்டன. இன்று எங்கள் பாடத்திட்டத்தில் எல்-280 என்று ஒரு பயிற்சி உண்டு, அதன் பெயரே பின்தொடர்வதிலிருந்து தலைமைக்கு என்பதுதான். தலைவராகும் முன்னால் நல்ல தொண்டராக இருக்கப் பழகு, பார்த்ததைச் சொல், புரியாவிட்டால் கேள், ஆபத்து என்று தெரிந்தால் மறுத்துவிட்டு வேறு வழி என்ன என்று சொல்.

சொல் என்று சொல்லிவிடுவது சுலபம். அதைக் கேட்கிற காது மேலே இருக்க வேண்டும். அதனால் மணல் மேசைக்குப் பிறகு என் நேரத்தில் பெரும்பகுதியைத் தலைவர்களின் பேச்சுக்குச் செலவிட ஆரம்பித்தேன். "இந்தச் சரிவில் கோடு வெட்டுங்கள்" என்று மட்டும் சொல்கிற தலைவருக்குக் கைகள் கிடைக்கும், கண்கள் கிடைக்காது. "தீ சாயங்காலத்துக்குள் அந்தச் சாலையைத் தாண்டக் கூடாது, அதற்காகத்தான் இந்தக் கோடு, காற்று திரும்பினால் கோட்டை விட்டுவிட்டு வலப்பக்கம் எரிந்து முடிந்த இடத்துக்குப் போய்விடுவோம்" என்று சொல்லிவிட்டால் 20 பேரும் காற்றைக் கவனிக்கத் தொடங்குவார்கள். நோக்கம் தெரிந்தவனுக்குத்தான் எது தப்பாகப் போகிறது என்று தெரியும்.

அப்புறம், வேலை முடிந்ததும் பேசுகிற பேச்சு. 16 மணி நேர ஷிப்ட், முகமெல்லாம் கரி, எல்லாருக்கும் படுத்தால் போதும். ஆனாலும் வண்டிக்குப் பக்கத்தில் வட்டமாக நின்று நான்கு கேள்விகள்: என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, ஏன் அப்படி, அடுத்த தடவை என்ன செய்யலாம். பல குழுக்களில் இது சடங்காகிவிடுகிறது, "எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஒரு குழுவின் தலைவர் மட்டும் முதலில் தன் தவறைச் சொல்லித் தொடங்கினார்: "கண்காணிப்பவரை இடம் மாற்றினேன், உங்களிடம் சொல்லவில்லை. அரை மணி நேரம் உங்களுக்குக் கண் இல்லாமல் இருந்தது." அவ்வளவுதான், அந்த வட்டம் 40 நிமிடம் கலையவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொருவராக எடுத்து வைத்தார்கள். ஒற்றுமை என்றால் ஒன்றாகச் சிரிப்பதும் ஒன்றாகச் சாப்பிடுவதும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்களிடம் நான் இந்த வட்டத்தைப் பற்றித்தான் சொல்வேன்.

அந்த மணல் மேசைப் பெண்ணைப் பற்றி அதே கோடையின் கடைசியில், அன்று தலைவராக நின்றவரே ஃபோன் செய்து சொன்னார். ஒரு மலைச்சரிவில் கோடு வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் ரேடியோவில், "நமக்குக் கீழே புகை மாதிரி தெரிகிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றிருக்கிறாள். அவர் 20 பேரையும் நிறுத்தி, மேலே நகர்த்திவிட்டு, ஒருவரை அனுப்பிப் பார்த்தால், மண்பாதையில் போன தண்ணீர் லாரி கிளப்பிய புழுதி. வேலையில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ரேடியோவிலேயே, "சொன்னதற்கு நன்றி, அடுத்த தடவையும் இதே மாதிரி சொல்" என்றாராம்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் எதையோ பார்த்ததாக ரேடியோவில் கூப்பிட்டார்கள், அதில் ஒன்று நிஜமான தீ.