மிளாவுக்கு இங்கே சீசன் கிடையாது

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்பவர் போனை நீட்டி, "சனிக்கிழமை அடித்தது" என்றார். படத்தில் செத்துக் கிடந்தது நம்ம மிளா, அதாவது கடமான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் மிளா மேல் கை வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஜெயில்தான். இவரோ கறி வேண்டுமா என்று கேட்கிறார்!

ஆஸ்திரேலியாவில் நானிருக்கும் விக்டோரியா மாநிலத்து மிளாக்கள் 1860களில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். இப்போது கிப்ஸ்லாந்து மலைக்காடெல்லாம் அவைதான். லைசென்ஸ் இருந்தால் ஆண்டு முழுக்கச் சுடலாம்.

அப்புறம் நானும் அவரோடு காட்டுக்குப் போகத் தொடங்கினேன், துப்பாக்கி இல்லாமல். வேட்டைக்காரர்கள் பேச்சில் பாதி கொம்புதான். ஐரோப்பியச் செம்மானும் ஃபாலோ மானும் பகலின் நீளத்துக்குக் கட்டுப்பட்டவை. இங்கே வசந்தத்தில் கிடாக்கள் வரிசையாகக் கொம்பை உதிர்க்கும். கோடையில் வெல்வெட் போர்த்திய இளங்கொம்பு வளரும். உள்ளே ரத்தம் ஓடுவதால் தொட்டால் சூடு. பிப்ரவரிவாக்கில் தோல் உரிந்து வெறும் எலும்பாகும். மார்ச் கடைசியில் செம்மான் இணை தேடிக் கர்ஜிக்கும். ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் கர்ஜிக்கிற அதே மான்தான். இங்கே காலண்டரை ஆறு மாதம் தள்ளிப் போட்டுக்கொண்டது.

மிளாவிடம் இந்தக் கணக்கு நடக்காது. ஒரே பள்ளத்தாக்கில் ஒரு கிடா வெல்வெட்டில் நிற்கும், இன்னொன்று கெட்டிக் கொம்பால் மரத்தை உரசிக்கொண்டிருக்கும். சில கிடாக்கள் ஒரே கொம்பை ஓராண்டுக்கு மேலும் சுமக்கும். குயின்ஸ்லாந்தில் சார்ட்டர்ஸ் டவர்ஸ் பக்கம் 1886இல் விட்ட புள்ளிமானும் இதே ரகம். "செம்மானுக்கு லீவு போடலாம், இதுக்கு எப்போ போடுறது?" என்று அவர் அலுத்துக்கொண்டால் எனக்குள் ஒரு கர்வம். நானென்னவோ வளர்த்துவிட்ட மாதிரி.

இப்போதெல்லாம் நானும் கிப்ஸ்லாந்துக்காரன் மாதிரிதான் பேசுகிறேன், கொம்பைக் கையில் எடுக்கும்வரை. ஒருநாள் பெரணிக்குள் உதிர்ந்த மிளாக் கொம்பொன்று கிடைத்தது. மூன்று முனை, உரசி உரசி நுனி மட்டும் வெள்ளை, தண்டு மரப்பட்டையின் பழுப்பு. அவர் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: சற்றே குமிழ்ந்து, சொரசொரவென்று. "தானாக விழுந்தால் இப்படி. மண்டை எலும்பும் சேர்ந்திருந்தால் சுட்டது."

சட்டென்று பெரியப்பா வீட்டுத் திண்ணை. சுவரில் மான் கொம்பு, அதில் தொங்கும் ஈரத் துண்டு. கொம்பு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த அந்த மஞ்சள் துண்டத்தை மரக்கட்டை என்றே சொல்லியிருந்தார்கள்.

அன்று ராத்திரியே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அந்தக் கொம்பா? ஃபாரஸ்ட்காரன் வருவான்னு பயந்து எப்பவோ பாழுங்கிணத்துல போட்டாச்சு. இதையெல்லாம் போன்ல கேக்காதப்பா."